வேலை தேட நேரமில்லாதவர்கள்

குமாரசாமிக்கு வேலை போன செய்தியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். அதிலும் முதல் நான்கு நிமிடம், வீடியோ அழைப்பில் பேசிய மனிதவளத் துறைப் பெண்ணின் மைக் வேலை செய்யவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் பிளானோவில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். புது மென்பொருள் வெளியாகும் நாட்களில் எதுவும் எங்கேயும் உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு சீனியர் டைரக்டர். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கடைசியில், ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். குமாரசாமி பழக்கதோஷத்தில், அடுத்த மீட்டிங் எப்போது என்று கேட்டுவிட்டார்.

முதல் வாரம் கராஜைச் சுத்தம் செய்தார். இரண்டாவது வாரம் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்து எண்ணெய் போட்டு மாட்டினார். ஒரு திருகு மிச்சம் வந்தது. மூன்றாவது வாரம் சமையலறை அலமாரியில் கை வைத்தார். மளிகைச் சாமான்கள் அனைத்தையும் காலாவதித் தேதி வரிசையில் அடுக்கி, கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டினார். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை முடித்துவிட்டு வந்த அவர் மனைவி நாகரத்தினம், மஞ்சள்தூளை எடுக்க அந்தப் பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, ரெஸ்ட் எடுக்கறதுன்னா எடுங்க. இல்லீன்னா எங்கயாச்சும் வெளிய போயிட்டு வாங்க. ரெண்டும் இல்லாம இப்படி கபோர்டுக்குள்ள நிக்காதீங்க" என்றாள்.

வெளியே போனார். இந்திய மளிகைக் கடையில் கொத்தமல்லிக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பழைய நண்பர் ஸ்ரீநிவாஸைப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு வேலை போனவர். இப்போது கோட்டு, டை, பளபளக்கும் ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. வெளியே நூற்று நான்கு டிகிரி வெயில். எங்கே சேர்ந்திருக்கிறீர்கள் என்று குமாரசாமி கொஞ்சம் பொறாமையோடுதான் கேட்டார். பேரவையில் என்றார் ஸ்ரீநிவாஸ்.

மாறுகால மூத்த வல்லுநர் பேரவை, வட டெக்சஸ் என்பது முழுப் பெயர். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் இருக்கும் பெரிய பதவிக்காரர்கள் சோர்ந்துவிடாமல், சோம்பிவிடாமல், பயனுள்ளவர்களாக இருப்பதற்காக ஜம்புநாதன் என்பவர் தொடங்கியது. கோய்ட் ரோட்டில் வருமான வரி அலுவலகத்துக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் இருந்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் கராத்தே பள்ளி. மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடிகள் அப்படியே இருந்ததால், உள்ளே நாற்பது பேர் இருந்தால் நூற்று அறுபது பேர் தெரிந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் டைரக்டர்கள்.

சேருவதற்கு விண்ணப்பம் போட வேண்டும். மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதற்குப் பிறகு நேர்காணல், மூன்று சுற்று. குமாரசாமி கடைசிச் சுற்றுக்கு வந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர் ஜம்புநாதனும் செயலாளர் விஷாகாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜம்புநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது, வெள்ளி மீசை, எதையும் கேட்பதற்கு முன்பே தலையாட்டும் முகம். விஷாகா ஒரு வங்கியில் வைஸ் பிரசிடெண்டாக இருந்தவர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று விஷாகா கேட்டார். வேலையில் என்றார் குமாரசாமி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷாகா எதையோ எழுதி அடிக்கோடிட்டார்.

"குமாரசாமி சார், ஓப்பனா சொல்றேன்" என்றார் ஜம்புநாதன். "நாங்க எல்லாரையும் எடுக்கறதில்ல. வேலை இல்லாதவரா யார் வேணாலும் ஆகலாம். வேலை இல்லாத டைரக்டரா இருக்கறதுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. மேனேஜர் லெவல்ல நிறைய பேர் அப்ளை பண்றாங்க. பாவமாத்தான் இருக்கு. லைப்ரரில ஒரு குரூப் இருக்குன்னு சொல்லி அனுப்பிடறோம்."

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. தொண்ணூறு நாள் தகுதிகாண் அடிப்படையில் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று. குமாரசாமி அதை மூன்று முறை படித்தார். அதற்குள் அவர் அறுபத்தோரு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. செலக்ட் ஆயிட்டேன் என்று படியிறங்கி வந்து சொன்னார்.

நாகரத்தினம் உடனே ரவையை எடுத்து வறுக்கத் தொடங்கினாள். சர்க்கரை போட்டு, கேசரி பாதி கெட்டியான பிறகுதான் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். சம்பளம் இல்லை, நாம்தான் சந்தா கட்ட வேண்டும் என்றார் இவர். அவள் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சரி, நெய் ஊத்தியாச்சு. சாப்பிடுங்க" என்றாள்.

பேரவை காலை எட்டரைக்குத் தொடங்கும். ஸ்டாண்ட்அப் என்று பெயர். முதலில் ஜம்புநாதன் வந்தவர்களின் முழுப் பெயரைச் சத்தமாகப் படிப்பார். எல்லாரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். பத்தேகால் மணிக்கு முடியும்போது முழங்கால் வலி இல்லாத டைரக்டர் ஒருவரும் இருக்கமாட்டார். பிறகு குழுக் கூட்டங்கள். உடை ஒழுங்குக் குழு, தொடர்பு வளர்ச்சிக் குழு, கூட்டங்களைக் குறைப்பதற்கான குழு. இந்தக் கடைசிக் குழு வாரம் இருமுறை கூடியது. மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஆழ்ந்த கவனம். யாரும் யாருடனும் பேசக் கூடாது. அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் மறுநாள் ஸ்டாண்ட்அப்பில் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தார்கள்.

சில சொற்களுக்குத் தடை இருந்தது. வேலை போய்விட்டது என்று சொல்லக் கூடாது. பொறுப்பிலிருந்து விடுபட்டேன் என்று சொல்ல வேண்டும். வேலை தேடுகிறேன் என்பதும் கூடாது. அது தேவை இருப்பதுபோல் காட்டுகிறதாம். வாய்ப்புகளை மதிப்பிடுகிறேன் என்பது சரி. உறுப்பினர்கள் தங்களை மாறுகாலர் என்று அழைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் முதல் வாரத்தில் தன்னை அன்எம்ப்ளாய்ட் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தார்.

வாரக் கடைசியில் பயனுறு புள்ளிகள் கணக்கிடப்படும். ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால் இரண்டு புள்ளி. பழைய சக ஊழியர் ஒருவரோடு காபி குடித்தால் மூன்று. இணையத்தில் தன் அனுபவத்தைப் பற்றி எழுதினால் ஐந்து, தன் தோல்வியைப் பற்றி எழுதினால் ஏழு. பேரவைக் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டால் பத்து.

முதல் வாரத்திலேயே குமாரசாமி கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார். வேலை கிடைத்துவிட்டால் எத்தனை புள்ளி?

விஷாகா அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் இல்லை. நல்ல கேள்வி என்று ஜம்புநாதன் பாராட்டினார். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. நாலு வருடத்தில் மூன்று பேருக்கு வேலை கிடைத்திருப்பதாக ஸ்ரீநிவாஸ் பிறகு தனியாகச் சொன்னார். அவர்கள் பெயர் வாசல் பக்கத்துப் பலகையில், விலகியவர்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

முதல் மாத முடிவில் குமாரசாமிக்குத்தான் ஆகக் குறைந்த புள்ளி. அவர் வெகுளியாக நிஜமாகவே வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று மணி நேரம் ஆயிற்று, கிடைத்தது இரண்டு புள்ளி. ஸ்ரீநிவாஸ் ஒரே நாளில் நாலு குழுவில் உட்கார்ந்து நாற்பது எடுத்தார். விஷாகா இவரைக் கண்ணாடி ஓரமாக அழைத்து, மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தார். முப்பது நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் பேரவை இவரை விடுவிக்க நேரிடும் என்று அதில் இருந்தது.

அன்று இரவு சாப்பாட்டின்போது இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகரத்தினம் விஷயத்தைக் கேட்டு வாங்கினாள்.

"அங்கயுமா போயிரும்?" என்றாள். கேலியாகக் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று இவருக்குப் புரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

வேலையில்லாமல் இருப்பதிலிருந்தும் நீக்கப்பட்டால் எங்கே போவது? குமாரசாமி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். விண்ணப்பங்களை நிறுத்தினார். குழுக்களில் சேர்ந்தார். இருக்கைக் குழு என்று ஒன்று இருந்தது. எந்தக் கூட்டத்துக்கு நாற்காலிகளை எப்படிப் போடுவது என்பது அதன் பொறுப்பு. நாலு வருடமாகக் கூட்டங்கள் தாமதமாவதற்கு அந்த நாற்காலிகள்தான் காரணம். குமாரசாமி இருபத்திரண்டு வருட அனுபவத்தை மொத்தமாக அதன்மேல் இறக்கினார். ஒவ்வொரு நாற்காலிக்கும் எண் போட்டார். எது முதலில் வெளியே வர வேண்டும், எது தவறினால் எதைக் கொண்டு நிரப்ப வேண்டும், யார் சரி என்று சொன்ன பிறகு கதவைத் திறக்க வேண்டும் என்று பதினான்கு பக்கத் திட்டம் ஒன்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் ஒரு நிமிடம் தாமதமாகவில்லை. மூன்றாவது மாதம் சிறந்த மாறுகாலர் விருது அவருக்குக் கிடைத்தது. சட்டம் போட்ட படத்தைக் கண்ணாடி இல்லாத வாசல் சுவரில் மாட்டினார்கள். எதிர்க்கண்ணாடியிலும் அது தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் தென்றல் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று மாடியிலிருந்து கேட்டாள். குமாரசாமி யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் பேரவையில் கேட்டார். சொல்லாட்சிக் குழு இரண்டு அமர்வுகள் விவாதித்து, 'தொழில்நுட்ப வெளியீட்டுத் தலைமையில் ஆழ்ந்த அனுபவத்துடன் அடுத்த உயர்பொறுப்பை மதிப்பிட்டுக்கொண்டிருக்கும் மூத்த வல்லுநர்' என்று ஆங்கிலத்தில் முடிவு செய்து கொடுத்தது. குமாரசாமி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

"அதுல ட்வென்டி கேரக்டர்ஸ்தான் அப்பா அலவ்ட்" என்றாள் தென்றல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஐ ஆல்ரெடி புட் 'லுக்கிங்'. இட்ஸ் ஃபைன்."

குமாரசாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே வந்தார். தேடுகிறார் என்று மகள் நம்புகிறாள். தான் கடைசியாகத் தேடியது எப்போது என்று எண்ணிப் பார்த்தார். எட்டு வாரம் ஆகியிருந்தது.

நாகரத்தினம் அவளாகவே ஒரு காரியம் செய்தாள். மளிகைக் கடையில் பேச்சுவாக்கில், கருப்பசாமிக்கு ஒரு ஆள் தேவைப்படுவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். கருப்பசாமி கோவில்பட்டிக்காரர். டெக்சஸ் முழுக்க இந்தியக் கடைகளுக்குக் காய்கறியும் கறிவேப்பிலையும் அனுப்புகிறவர். பக்கத்து ஊரான கேரல்டனில் பெரிய கிடங்கு இருந்தது. வெண்டைக்காய் கேட்ட கடைக்கு முருங்கைக்காய் போகிறது, முருங்கைக்காய் கேட்ட கடைக்கு ஒன்றும் போவதில்லை என்பது அவர் நிலைமை. நாகரத்தினம் போன் போட்டுப் பேசி, வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வருவார் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வியாழக்கிழமைதான் பேரவையின் ஆண்டு உற்பத்தித்திறன் மாநாடு. விருந்தினர்களையும் சேர்த்து நூற்று இருபது நாற்காலிகள்.

குமாரசாமி விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். படிவத்தில் உடல்நலக்குறைவு, குடும்ப நிகழ்ச்சி, ஆன்மிகப் பயணம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. வேலைக்கான நேர்காணல் எதில் வரும் என்று விஷாகாவுக்கும் தெரியவில்லை. ஆன்மிகப் பயணத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். விஷயம் ஜம்புநாதன் வரைக்கும் போயிற்று.

ஜம்புநாதன் கதவைச் சாத்தினார். என்ன பதவி என்று முதலில் கேட்டார். மேனேஜராம் என்று குமாரசாமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எங்க?"

"காய்கறி கோடவுனுங்க."

ஜம்புநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கோபப்படல சார். வருத்தமா இருக்கு. இன்னிக்கி நீங்க ஒரு படி இறங்கினா, நாளைக்கு மார்க்கெட்ல நம்ம நாப்பத்தி மூணு பேரையும் ஒரு படி இறக்கித்தான் பாப்பாங்க. எனக்கும் ஆஃபர் வந்தது, மூணு வருஷம் முன்னாடி. டைரக்டர்னு போட்டிருந்தான், சீனியர் இல்ல. நான் திருப்பிக்கூட எழுதல. ஒரு தலைவர்னா அப்படி இருக்கணும்."

குமாரசாமி வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமை முடியாது, வேறு நாள் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நாகரத்தினம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மாசமா டை கட்டிட்டுப் போறீங்க. நான் ஒரு வார்த்த சொல்லல" என்றாள். "நீங்க ஜன்னலண்ட உக்காந்து ரோட்டப் பார்த்துட்டு இருந்தீங்கன்னா என்னால தாங்க முடியாது. அதனாலதான் சொல்லல. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடுங்க. உங்களுக்கு வேல வேணுமா, வேலைக்குப் போற மாதிரி இருந்தாப் போதுமா?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குமாரசாமி மாநாட்டுக்குத்தான் போனார். வாடகைக்கு எடுத்த மண்டபம். நூற்று இருபது நாற்காலிகளும் எண் வரிசைப்படி எட்டே கால் மணிக்குத் தயாராகிவிட்டன. வந்தவர்கள் வியந்தார்கள். எட்டரைக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஸ்ரீநிவாஸ் ஆண்டறிக்கை வாசித்தார். சென்ற ஆண்டில் பேரவை எழுநூற்றுப் பன்னிரண்டு கூட்டங்கள் நடத்தியிருந்தது. கூட்டங்களைக் குறைப்பதற்கான குழுவின் பங்கு அதில் நூற்று நாலு.

ஒன்பதரை மணிக்குத் தலைவர் உரை. ஜம்புநாதன் காகிதம் வைத்துக்கொள்ளவில்லை. மேடையின் முன்பக்கம் வந்து நின்று மனதிலிருந்து பேசினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் பொறுப்பிலிருந்து விடுபட்டேன். எல்லாரும் என்ன சொன்னாங்க? ஜம்பு, ஜாக்கிரதை, வீட்ல உக்காந்துடாதேன்னாங்க. நான் உக்காரல. இந்த நாலு வருஷத்துல ஒரு நாள் நான் லீவு எடுத்ததில்ல. சனிக்கிழமை மினிட்ஸ் எழுதறேன். ஞாயித்துக்கிழமை அஜெண்டா போடறேன். பையன் கிராஜுவேஷனுக்குக்கூட பாதிலதான் போனேன். என்னோட பழைய பாஸ் போன் பண்ணி, ஒரு ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூமே அனுப்புன்னார். மூணு தடவை கேட்டார். நான் சொன்னேன், சார், மன்னிக்கணும், எனக்கு வேலை தேடவே நேரமில்ல. அவ்ளோ பிஸி. இதைத்தான் நான் ப்ரொடக்டிவிட்டின்னு சொல்றேன்."

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. குமாரசாமியும் தட்டினார். நாலைந்து தட்டுகளுக்குப் பிறகுதான் வேலை தேடவே நேரமில்லை என்ற வாக்கியம் காதிலிருந்து உள்ளே இறங்கியது. கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஜம்புநாதனின் மனைவி ஜலஜா உட்கார்ந்திருந்தார். அவர் தட்டவில்லை. மடியில் இருந்த கைப்பையின் கொக்கியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

குமாரசாமி எழுந்தார். கழிப்பறைக்குப் போகிறவர்போல் ஓரமாக நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, காரை எடுத்து டோல்வேயில் ஏறினார்.

கேரல்டன் கிடங்கில் கருப்பசாமி தடித்த குளிர்ச்சட்டையோடு முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இவர் நீட்டிய ரெஸ்யூமேயை வாங்கி, அதன்மேல் காபித் தம்ளரை வைத்தார். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. மூன்று நிறத்தில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

"இதுதாண்ணே எங்க ரூட்டு. போட்டவன் போன மாசம் விட்டுட்டுப் போயிட்டான். எனக்கே புரியல" என்றார்.

குமாரசாமி பத்து நிமிடம் அதைப் பார்த்தார். எந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும், எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், ஒரு லாரி வராவிட்டால் அதன் லோடு எதில் போகும் என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு பலகையை அழிக்கலாமா என்று கேட்டார். மதியம் ஒன்றரை மணிக்குப் பலகை புதிதாக இருந்தது. டை பெட்டி ஒன்றின்மேல் கிடந்தது. கருப்பசாமி பலகையைக் கையால் தொட்டுத் தொட்டு, ஆஸ்டின், சான் ஆன்டோனியோ, ஹூஸ்டன் என்று வழியோடு போய்விட்டு வந்தார்.

"பேப்பர்ல மேனேஜர்னுதாண்ணே போட முடியும்" என்றார்.

"சரிங்க" என்றார் குமாரசாமி. அது இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வரும் என்று அவர் நினைக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது நாகரத்தினம் ஒன்றும் செய்யவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, வெண்டைக்காய் எத்தனை நாள் தாங்குமுங்க என்று கேட்டாள். அவர் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்போல் இருந்தது.

பேரவையை விட்டு விலகுவது அவ்வளவு சுலபமாக இல்லை. இரண்டு வார முன்னறிவிப்பு வேண்டும் என்றார்கள். விலகல் நேர்காணலில் விஷாகா இருபத்தேழு கேள்விகள் கேட்டார். எங்களிடம் எதைப் பார்த்திருந்தால் வேலைக்குப் போகாமல் இருந்திருப்பீர்கள் என்பது அதில் ஒன்று. கடைசியில் எதிர்ச்சலுகை ஒன்றும் வந்தது. இருக்கைத் துறைக்குத் துணைத்தலைவர் பதவி, தனிப் பெயர்ப்பலகையோடு. குமாரசாமிக்கு ஒரு கணம் மனசு ஆடத்தான் செய்தது. வெளியே வரும்போது அவர் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். விலகியவர்கள் பலகையில் நாலாவதாகப் பெயர் ஏறியது.

கிடங்கில் சேர்ந்து ஆறு வாரத்தில் முருங்கைக்காய் முருங்கைக்காய் கேட்ட கடைக்கே போகத் தொடங்கியது. ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. ஒன்பது டிரைவர்கள். காலை ஐந்தரைக்கு வர வேண்டும். நல்ல சம்பளம், கூடுதல் நேரத்துக்குத் தனிச் சம்பளம். ஆனாலும் ஒன்பது பேரும் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. நாலு பேர் வருவார்கள், மற்றவர்கள் ஏழு மணிக்கு மேல். கருப்பசாமி கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், டோநட் வாங்கி வைத்துப் பார்த்தார். திட்டத்தில் எதையும் சரிசெய்துவிடக்கூடிய குமாரசாமிக்கும் மனிதர்களை எழுப்பத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஜம்புநாதன் கிடங்கு வாசலில் வந்து நின்றார். கோட்டு இல்லை. இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அந்தப் பக்கம் கிடங்குகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. குமாரசாமி சுற்றிக் காட்டினார். ஜம்புநாதன் எல்லாவற்றையும் பார்த்தார். பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"ஜலஜா கேட்டா" என்றார், பலகையைப் பார்த்தபடியே. "அந்தக் கூட்டம் முடிஞ்சு கார்ல போறச்சே. இவ்வளவு பேர வச்சுண்டு நாலு வருஷம் ஓட்டினீங்களே, அதுல ஒருத்தருக்காவது நீங்க வேலை வாங்கிக் குடுத்தீங்களான்னு. அப்புறம் பேசவே இல்ல. இன்னி வரைக்கும்."

குமாரசாமி அவரைக் கருப்பசாமியிடம் அழைத்துப் போனார். பழைய இடத்தில் என் தலைவர் என்று அறிமுகம் செய்தார். கருப்பசாமி எலுமிச்சம்பழப் பெட்டி ஒன்றைத் தள்ளி, உட்காரச் சொன்னார்.

"நாலு வருசமா என்னண்ணே பண்ணுனீங்க?"

இந்தக் கேள்விக்கு ஜம்புநாதன் நாற்பத்து மூன்று பேரைத் தயார் செய்தவர். முப்பது வினாடியில் ஒரு பதில், இரண்டு நிமிடத்தில் ஒரு பதில், பத்து நிமிடத்தில் ஒரு பதில் என்று மூன்று வைத்திருந்தார். அவற்றில் எதையும் எடுக்கவில்லை.

"ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தேன்" என்றார் கடைசியில். "வேலை போனவங்கள தினமும் காலைல எட்டரைக்கு அங்க வரச் சொன்னேன்."

"எதுக்குண்ணே?"

"வீட்ல தனியா இருக்க எனக்கு பயமா இருந்தது."

"வந்தாங்களா?" என்றார் கருப்பசாமி.

"வந்தாங்க. நாப்பத்தி மூணு பேர்."

"டெய்லியா? டயத்துக்கா?"

"ஒரு நிமிஷம் லேட் ஆனதில்ல."

"சம்பளம்?"

"அவங்கதான் சந்தா கட்டினாங்க."

கருப்பசாமி குமாரசாமி பக்கம் திரும்பினார். உண்மைதான் என்று இவர் தலையாட்டினார். கருப்பசாமி இன்னொரு பெட்டியை இழுத்து, ஜம்புநாதனுக்கு நேர் எதிரில், முழங்கால் முட்ட உட்கார்ந்தார். அப்படி என்ன சொல்லித்தான் வர வைத்தீர்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் ஜம்புநாதன். வராதவர் பெயரைச் சொல்வதே கிடையாது. வந்தவர் பெயரைச் சத்தமாகப் படிப்பேன். முழுப் பெயர், அப்பா அம்மா வைத்தபடி. காலையில் யாராவது ஒருவர் நம் பெயரை அப்படிச் சொன்னால் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள்.

கருப்பசாமி திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார். என்ன பதவியென்று ஜம்புநாதன் கேட்கவில்லை. கருப்பசாமியும் சொல்ல மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குச் சரக்கு ஏற்றும் மேடையில் விளக்கடியில் ஜம்புநாதன் ஒரு தாளோடு நின்றார். வந்திருந்தது நாலு பேர். மிஸ்டர் எக்டர் லூயிஸ் ராமிரெஸ் மெண்டோசா என்று தொடங்கினார். கிடங்கு முழுக்க அது கேட்டது. எக்டர் முதலில் பயந்துபோய், தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை ஆறு பேர். புதன்கிழமை எட்டு. நஞ்சுண்டன் என்றொரு டிரைவர், மைசூர்ப் பக்கத்துக்காரர். ஒன்பது வருட வேலையில் ஏழு மணிக்கு முன்பு அவரை யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை ஐந்து இருபதுக்கு அவர் வண்டி மூச்சிரைக்க வந்து நின்றது. இறங்கி ஓடிவந்து, தன் பெயரைப் படித்தாயிற்றா என்று குமாரசாமியிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றார் இவர். நஞ்சுண்டன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தலையைக் கையால் கோதிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.